இருபதடிப் பெட்டியும் ஒரு கொடிக்காலும்

எங்கள் வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் இடையில், இருபதடி நீளமுள்ள கப்பற் கொள்கலன் ஒன்று நிற்கிறது. வெள்ளைச் சாயம் உதிர்ந்து மூலைகளில் துரு ஏறியிருந்தாலும், கதவின் மேல் எழுதிய நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இன்னும் அழியவில்லை. முதல் மூன்று எழுத்துகள் ஒருகாலத்தில் அதன் உடைமையாளராக இருந்தவரைக் குறிப்பவை. நான்காவதாகிய ‘யு’ அது சரக்குக் கொள்கலன் என்பதைச் சொல்வது. கடைசி இலக்கம், மற்றவற்றைப் பிழையின்றிப் படித்தோமா என்று சரிபார்ப்பதற்கு. உலகின் எந்தத் துறைமுகத்திலும் இப்பெட்டியை அடையாளம் காண இவ்வளவு போதும். இப்போது அதன் தலைக்கு மேல் பனையோலைப் பந்தல் இருக்கிறது. தெற்கே அகத்தி வரிசையாக நிற்கிறது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்து, “இது என்ன, ரேஷன் கடையா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்தப் பெட்டிக்குள் பயிர் செய்யப் புறப்பட்டு நாங்கள் பட்டதையும் கற்றதையும் எழுதவேண்டும் என்று நண்பர்கள் சிலர் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். நாங்கள் என்றால் உடன்பிறந்தோர் இருவர். மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இளையவன் தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய கொள்கலன் கிடங்கொன்றில் வேலை செய்பவன். எழுதுகிற கை மூத்தவருடையது என்றாலும், கடன் வாங்கியதும் குழாய் பூட்டியதும் தோற்றதும் சேர்ந்தே செய்தவை. அவற்றை ஒருமையில் எழுத மனம் ஒப்பவில்லை.

ஆத்தூர்ப் பக்கத்துக் கொடிக்காலைப் பார்த்திராதவர்களுக்கு அதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். தாமிரபரணி கடலை அடைவதற்குச் சற்று முன்னால் இருக்கும் எங்கள் பகுதியின் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலைக் கொடி வெட்டவெளியில் வளர்வதில்லை. முதலில் அகத்தியை விதைத்து, அது ஆளுயரம் வந்தபின் அதன் காலடியில் கொடியை நட்டு, மரத்தோடு சேர்த்து நாரால் கட்டிவிடுவார்கள். அகத்தியின் சிறு இலைகள் வெயிலை அரித்து அரித்து இறக்கும். காற்று நேராக அடிக்காமலிருக்கச் சுற்றிலும் வாழை வைப்பார்கள். பாத்திகளுக்கு நடுவே வாய்க்காலில் ஓயாமல் ஈரம் நிற்கும். கோடை நண்பகலில் வரப்பிலிருந்து கொடிக்காலுக்குள் அடியெடுத்து வைத்தால் வேறொரு பருவத்துக்குள் நுழைந்துவிட்டதுபோல் உடம்பு சிலிர்க்கும். செருப்பைக் கழற்றாமல் அப்பா அதற்குள் போனதை நாங்கள் பார்த்ததில்லை. ஐம்பது ஆண்டுகள் அவர் அந்த நிழலுக்குள்தான் வாழ்ந்தார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊருக்குச் சில கல் தொலைவிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் சிக்கிக்கொண்டது. குளங்கள் உடைந்தன; ஆறு தன் கரையை மறந்தது. வெற்றிலைக் கொடிக்கு எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். எங்கள் கொடிக்காலில் நீர் ஒரு வாரம் நின்றது. வடிந்தபின் முழங்காலளவு மணலும், சாய்ந்த அகத்தியும், கறுத்துப்போன கொடிகளும் மிஞ்சின. அப்பா வரப்பில் நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்து, மண்வெட்டியைக் கழுவி, காம்பை மேலே பார்க்க வைத்துச் சுவரில் சாத்தினார். அதன்பின் பல மாதங்கள் அதை எடுக்கவில்லை.

எழுபதைத் தாண்டிய ஒருவர் திண்ணையில் காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. அவருக்கு ஏதாவது ஒரு வேளாண்மை வேண்டும், அது வெள்ளம் எட்டாததாக இருக்கவேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். தம்பிதான் ஒருநாள் தன் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். அமெரிக்க நகரொன்றின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கொள்கலன், உள்ளே ஊதாவும் இளஞ்சிவப்புமாய் ஒளி, சுவரெங்கும் கீரை. மண் இல்லை, மழை இல்லை, பூச்சி இல்லை. “நம்ம யார்டுல இந்த மாதிரிப் பெட்டி சும்மா கிடக்குக்கா” என்றான்.

கொள்கலன் என்பது இன்று எங்கும் காணும் பொருளாகிவிட்டதால் அதற்கும் ஒரு தொடக்கம் உண்டென்பது நினைவுக்கு வருவதில்லை. 1956 ஏப்ரல் 26ஆம் நாள், வட கரோலினாவைச் சேர்ந்த மால்கம் மெக்லீன் என்னும் லாரி உரிமையாளர், ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றிய சரக்கு, அதன்பின் பெட்டியோடு ஏறிப் பெட்டியோடு இறங்கலாயிற்று. அளவுகள் உலகுக்கெல்லாம் பொதுவாயின. பயன்பாடு தீர்ந்த பெட்டிகள் துறைமுகங்களில் மலிந்தன. அவற்றில் கடை வைத்தார்கள், வீடு கட்டினார்கள். பிறகு பயிரும் வைத்தார்கள்.

நாங்கள் வாங்கியது சாதாரணப் பெட்டி அன்று, குளிர்பதனப் பெட்டி. இறால் ஏற்றுமதிக்கு ஓடி, குளிரூட்டும் இயந்திரம் செத்துப்போனபின் ஒதுக்கப்பட்டது. சாதாரணப் பெட்டியின் சுவர் வெறும் இரும்புத் தகடு. அதன் மரத்தளத்துக்குப் பூச்சி அரிக்காதிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். உண்ணும் பொருளை அதற்குள் வளர்ப்பது நல்லதன்று. குளிர்பதனப் பெட்டியிலோ இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்திருக்கும். வெப்பம் எளிதில் புகாது. தளம் அலுமினியம், கழுவிய நீர் ஓட வரி வரியாகப் பள்ளமும் உண்டு. இறால் வாடை போக மூன்று நாள் சுண்ணாம்பும் சோப்புமாய்க் கழுவினோம். பெட்டி, விளக்குகள், நீரேற்றி, குளிர்சாதனம், உப்பு நீக்கும் கருவி எல்லாமாக ஆறு லட்சம் ரூபாய் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் மூத்தவரின் வளையல்களும் தம்பி மனைவியின் ஆரமும் வங்கிக்குப் போய்க் கிடைத்த நகைக்கடன்.

2024 ஆடியில் வேலை முடிந்தது. சுவரோரமாய் நான்கு அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் சற்றே சாய்ந்த குழாய்கள். குழாயின் அடியில் மெல்லிய படலமாக ஊட்டச்சத்து கலந்த நீர் ஓடி, தொட்டிக்குத் திரும்பி, மீண்டும் மேலே ஏறும். செடியின் வேர் அந்தப் படலத்தில் நனைந்துகொண்டிருக்கும். மேலே சிவப்பும் நீலமும் கலந்த விளக்குகள். இலையின் பச்சையம் பச்சை ஒளியைவிட இவ்விரண்டையும் மிகுதியாக உறிஞ்சும் என்பதால் இந்தத் தேர்வு. நாளில் 16 மணி நேரம் பகல், 8 மணி நேரம் இரவு. நாங்களே விடியவைத்தோம், நாங்களே இருட்டவைத்தோம்.

அப்பாவை அழைத்துச் சென்று காட்டினோம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். அதைக் கண்டதும் எங்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. உள்ளே போய், ஒரு செடியை மெல்லத் தூக்கி, வெள்ளை நூலாய்த் தொங்கிய வேரை வெகுநேரம் பார்த்தார். மண்ணில்லாத வேரை அவர் அதுவரை பார்த்தது வெள்ளம் வடிந்த நாளில் மட்டுமே என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

“ஏல, இதுல ஒரு சன்னலே இல்லியே. பயிருக்கு மூச்சு முட்டாதா?” என்றார்.

“குளிர்சாதனம் ஓடுதுப்பா” என்றான் தம்பி.

அப்பா விளக்குகளை அண்ணாந்து பார்த்தார். “வெயிலை விலைக்கு வாங்கியா வளக்குதிய?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். நாங்கள் அதைப் பழைய தலைமுறையின் ஏளனம் என்று எடுத்துக்கொண்டோம்.

முதல் அறுவடை நன்றாகவே வந்தது. உணவு விடுதிகளுக்காக லெட்யூஸும், வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்குமாகப் பாலக்கும் வைத்திருந்தோம். ஓட்டையில்லாத, புழுதி படாத இலைகள். அம்மா லெட்யூஸைக் கடைந்து பார்த்தார், பொரித்துப் பார்த்தார், ஒன்றுக்கும் அது வசப்படவில்லை. “இதைத் தின்ன ஊர்ல யாரு இருக்கா?” என்றார். ஆனாலும் நகரத்து விடுதிகள் இரண்டு கிலோ 200 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டன. நீர்ச்செலவு வியக்கும்படி குறைவு. சுற்றிச் சுற்றி ஓடும் அதே நீரில் இலை உறிஞ்சியதை மட்டும் நிரப்பினால் போதும். கடல்நீர் ஏறி நிலத்தடி நீர் உவர்த்துவரும் எங்கள் பகுதியில் அது சிறிய செய்தியன்று.

இரண்டாம் மாதத்தில் வளர்ச்சி மந்தமாயிற்று. உப்பு அளவைப் பார்த்தோம், நீரின் அமிலத்தன்மையைப் பார்த்தோம், எல்லாம் சரியாகவே இருந்தன. கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் நண்பர் ஓர் அளவியைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 400 பங்குக்கு மேல் இருக்கும் கரியமில வாயு, விளக்கெரியும் நேரத்தில் பெட்டிக்குள் 200க்கும் கீழே இறங்கியிருந்தது. குளிர்சாதனம் உள்ளிருக்கும் காற்றையே சுழற்றும், புதுக்காற்றைக் கொண்டுவராது. செடிகள் இருந்ததை உண்டு தீர்த்துவிட்டுப் பட்டினி கிடந்தன. மூச்சு முட்டாதா என்று அப்பா கேட்டது அறியாமையன்று என்று அன்று விளங்கியது. சுவரில் துளையிட்டு விசிறி பொருத்தினோம். கடலோரத்துப் புழுக்கக் காற்று உள்ளே வந்தது. அதைக் குளிர்விக்கக் குளிர்சாதனம் இன்னும் கூடுதலாக உழைத்தது.

பிறகு மின்கட்டணம். 3,000 வாட் விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் 48 அலகு. விளக்குக்குள் போகும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற இன்னொரு 30 அலகுக்கு மேல். ஆக நாளொன்றுக்கு 80 அலகு. எங்கள் இணைப்புக்கு அலகு ஏறத்தாழ 10 ரூபாய். மாதத்துக்கு 24,000 ரூபாய் கட்டி, 90 கிலோ கீரையை 18,000 ரூபாய்க்கு விற்றோம். விதை, உப்பு, வட்டி, எங்கள் உழைப்பு எதுவும் இதில் சேரவில்லை. ஒரு கிலோ இலைக்கு 26 அலகுக்கும் மேல். கதிரொளித் தகடு பொருத்தலாமே என்று கேட்டவர்கள் உண்டு. இருபதடிக் கூரையில் பொருந்தும் தகடுகள் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு அலகு தரும்; வேண்டியதோ எண்பது.

ஒருநாள் இரவு, கணக்கேட்டை வைத்துக்கொண்டு தம்பி வேறொரு கணக்குப் போட்டான். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோவாட். பெட்டியின் கூரை 14 சதுர மீட்டருக்கு மேல். ஆக, நண்பகலில் எங்கள் கூரையின் மேல் 14 கிலோவாட் சும்மா விழுகிறது. அதை உள்ளே விடாமல் தடுப்பதற்கும், மீறி வந்ததை வெளியேற்றுவதற்கும் காசு கொடுத்துவிட்டு, உள்ளே 3 கிலோவாட்டைக் காசு கொடுத்து எரிக்கிறோம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவன் சிரித்தான். எங்களுக்கு அப்பாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. அவர் ஏளனம் செய்யவில்லை, விலை விசாரித்திருக்கிறார்.

2025 சித்திரையில் ஓர் இரவு மின்சாரம் நின்றது. நீரேற்றிக்கென்று மின்கலம் வைத்திருந்தோம். ஆனால் அதற்கு மாற்றும் இணைப்பைப் பொருத்தியபின் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை; அது வேலை செய்யவில்லை. பிழை எங்களுடையது. மண்ணில் நிற்கும் செடிக்கு ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் மண் கொஞ்சம் வைத்திருந்து கொடுக்கும். குழாயில் நிற்கும் வேருக்குச் சேமிப்பு எதுவும் இல்லை. விடியலில் கதவைத் திறந்தபோது நான்கு அடுக்குகளும் துணி நனைத்துப் போட்டதுபோல் சரிந்து கிடந்தன. அள்ளித் தொழுவத்தில் போட்டோம். பசு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த சில இரவுகள், இதைச் செய்த மற்றவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று தேடிப் படித்தோம். அந்த மாதத்தில்தான், 2010இல் பாஸ்டனில் தொடங்கி நூற்றுக்கணக்கான கொள்கலப் பண்ணைகளை விற்றிருந்த ஃபிரெய்ட் ஃபார்ம்ஸ் நிறுவனம் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டு திவாலாயிற்று. 2016இல் புரூக்ளினில் ஒரு பழைய மருந்துத் தொழிற்சாலையின் வண்டி நிறுத்துமிடத்தில் கொள்கலன்களை வைத்துப் புகழ்பெற்ற ஸ்கொயர் ரூட்ஸ், 2023இல் தன் பண்ணைகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டிருந்தது. அவர்களிடம் பணமும் பொறியாளர்களும் இருந்தார்கள். எங்கள் அறியாமை மட்டுமே காரணமன்று என்பதில் ஓர் ஆறுதல்; கடனைக் கட்ட அந்த ஆறுதல் உதவாது.

ஆனால் வேறொரு பெட்டியைப் பற்றியும் படித்தோம். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் இரண்டு இருபதடிக் கொள்கலன்களைச் சேர்த்து ‘ஈடன் ஐஎஸ்எஸ்’ என்ற பயிர்க்கூடத்தைச் செய்து, 2018 தொடக்கத்தில் அண்டார்க்டிகாவின் நோய்மையர் ஆய்வு நிலையத்துக்கு 400 மீட்டர் தொலைவில் நிறுத்தியது. பால் சாபெல் என்னும் பொறியாளர் அந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கி அதைப் பார்த்துக்கொண்டார். இரண்டு மாதத்துக்குச் சூரியனே எழாத இடம். கப்பலும் விமானமும் வராத காலம். அந்தரத்தில் தொங்கும் வேர்களுக்குச் சத்துநீரைப் பனிபோல் தெளித்து, பன்னிரண்டரைச் சதுர மீட்டர் பரப்பில் ஒன்பதரை மாதங்களில் 268 கிலோ விளைவித்தார்கள். அதில் 117 கிலோ கீரை, 67 கிலோ வெள்ளரி, 50 கிலோ தக்காளி. அங்கே தங்கியிருந்தவர்கள் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்கு ஒரு வெள்ளரிக்காயின் விலை என்ன என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆக, பெட்டியில் குற்றமில்லை. வெயிலே இல்லாத ஊருக்குப் பொருந்தும் ஒன்றை வெயிலைத் தவிர வேறெதுவும் மலியாத ஊரில் கொண்டுவந்து வைத்ததுதான் குற்றம்.

அந்த ஆண்டு வகுப்பில் அகத்திணையியல் நடந்துகொண்டிருந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவ்விரண்டிலிருந்தே உணவும் மரமும் விலங்கும் தொழிலும் ஆகிய கருப்பொருள்கள் பிறக்கின்றன என்பது தொல்காப்பியம் காட்டும் முறை. இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த பாடந்தான். பெட்டியைப் பற்றி அறிந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “அதுக்குள்ள நிலமும் இல்லை, பொழுதும் இல்லையே அம்மா, அப்ப அது எந்தத் திணை?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அன்று மாலை தம்பியிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. “இல்லாம இல்லை. ரெண்டையும் மாசாமாசம் பில்லு போட்டு வாங்குதோம்” என்றான். முதற்பொருள் என்பதில் ‘முதல்’ என்ற சொல்லுக்கு மூலதனம் என்ற பொருளும் உண்டு என்பதை அத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் வகுப்பில் சொல்லத் தோன்றியதில்லை.

பெட்டியை விற்றுவிடுவதென்று முடிவு செய்து, அப்பாவிடம் சொல்லப் போனோம். திண்ணையில் அவர் இல்லை. சுவரில் மண்வெட்டியும் இல்லை. அம்மா தெற்கே கையைக் காட்டினார். கொடிக்காலுக்குப் போனால், பாதிப் பரப்பில் மணல் வாரி ஓரத்தில் குவிந்திருந்தது. வெளுத்த வண்டல் மேல் வரிசை வரிசையாக அகத்தி, எங்கள் தோளுயரத்தில் நின்றது. தை மாதமே விதைத்துவிட்டாராம். நாங்கள் பெட்டிக்குள் அளவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நான்கு மாதமும் அவர் விடியலில் புறப்பட்டுப் போய் இந்த வேலையைச் செய்திருக்கிறார். அவர் முடங்கிவிட்டார் என்று எண்ணி அவருக்காகவே கடன் வாங்கிய நாங்கள், அவர் எழுந்து நடந்ததைக் கவனிக்கவில்லை. எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “நீங்க உங்க பயிரைப் பாத்துக்கிட்டு இருந்திய. அதான்” என்றார்.

விற்கப்போகிறோம் என்றதும் வேலையை நிறுத்தி வரப்பில் உட்கார்ந்தார். “வித்தா என்ன தருவான்?” என்றார். சொன்னோம். “அதுக்கு வச்சுக்கிடலாம்” என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்து, “எம்மா, இருட்டு ஒண்ணுதான் அந்தப் பெட்டியில ஓசி. இருட்டுல வாறதை வையிங்க” என்றார்.

காளானைத்தான் சொன்னார். புற்றுமேட்டில் இடியிடித்த மறுநாள் முளைக்கும் காளானைப் பறித்துத் தின்று வளர்ந்தவர் அவர். காளான் பயிரன்று, பூஞ்சை. ஒளியைக் கொண்டு உணவு செய்வதில்லை, வைக்கோலைத் தின்று வளர்வது. அதற்கு வேண்டியவை ஈரமும் மிதமான வெப்பமும் தூய்மையும். கழுவத்தக்க சுவரும் வெப்பம் புகாத தகடும் உள்ள ஒரு பெட்டி அதற்குப் பொருத்தமான வீடு. காளான் வளர்ப்பில் பயிற்சி பெற்றிருந்த பெண்கள் குழு ஒன்றிடம் போய்ச் சிப்பிக்காளான் வளர்க்கக் கற்றுக்கொண்டோம்.

முதலில் அப்பா செய்தது பெட்டிக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டுப் பனையோலை வேய்ந்தது. தெற்கில் அகத்தி ஊன்றினார். ஐம்பது ஆண்டு வெற்றிலைக்குச் செய்ததையே இரும்புக்கும் செய்தார். நண்பகலில் கூரைத் தகட்டில் கை வைக்க முடிந்தது. குளிர்சாதனம் கோடையின் சில மணி நேரங்களுக்கு மட்டும் போதுமென்று ஆயிற்று.

வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தவேண்டும். நெகிழிப் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்குக் காளான் வித்து என்று நிரப்பி, துளையிட்டு, இருட்டில் தொங்கவிட்டால் பதினைந்து இருபது நாளில் பை முழுவதும் வெள்ளை படரும். பிறகு ஈரப்பதத்தை 85 விழுக்காட்டுக்குக் கூட்டி, மங்கலாகக் கொஞ்சம் வெளிச்சம் காட்டினால் மொட்டு வரும். ஒரு பையிலிருந்து மூன்று முறை பறிக்கலாம். இங்கும் மூச்சு முக்கியம், ஆனால் தலைகீழாக. செடி கரியமில வாயுவைத் தின்றது. காளான் அதை வெளியே விடுகிறது. உள்ளே அது மிகுந்தால் காம்பு நீண்டு குடை சிறுத்துப் போகும். கீரைக்காகச் சுவரில் போட்ட துளையும் விசிறியும் இதற்குப் பயன்பட்டன. நுண்விதைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்பதால் அப்பா துண்டால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார். செருப்பு இப்போதும் வாசலில்தான்.

மின்சாரம் இப்போது நாளுக்குப் பதினைந்து அலகு. காளான் நாளுக்கு நான்கு கிலோ, நல்ல நாளில் ஐந்து. ஒரு கிலோ 200 ரூபாய்க்குப் போகிறது. எங்கள் ஊரிலேயே தின்ன ஆளும் இருக்கிறது. பெருஞ்செல்வம் ஒன்றும் சேரவில்லை. தம்பி மனைவியின் ஆரம் திரும்பி வந்தது. வளையல்கள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன. விளக்குகளில் பாதியைத் தாவரவியல் துறை வாங்கிக்கொண்டது. மாணவர்கள் விதை முளைப்பைக் கவனிக்கிறார்கள். அதற்கு அவை மிக நன்று.

மூன்றாம் பறிப்பு முடிந்த வைக்கோல் பையைத் தூக்கி எறிவதில்லை. குவித்து மட்கவைத்துத் தள்ளுவண்டியில் கொடிக்காலுக்குக் கொண்டுபோகிறோம். மணலேறிய நிலத்துக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனியில் கொடி நட்டோம். கார்த்திகையில் முதல் வெற்றிலை கிள்ளினார்கள். அப்பா அம்மாவுக்கு ஒன்றும் எங்களுக்கு ஒவ்வொன்றும் கொடுத்துவிட்டு, தானும் ஒன்றைச் சுண்ணாம்பு தடவாமல் மென்றார். எங்களுக்குப் பழைய கொடிக்காலின் வெற்றிலை போலவே இருந்தது.

“காரம் பத்தாது” என்றார் அவர். “மண்ணு இன்னும் வரலை. ரெண்டு வருசம் ஆவும்.”

மறுநாள் காலை தள்ளுவண்டியில் வைக்கோல் ஏற்ற எங்களைக் கூப்பிட்டார்.